எண்ணூர் சேறும் ஒரு ஜி.ஐ. தகடும்: மாதிரி சேகரிப்பில் நேர்ந்த பிழை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

கொசஸ்தலையாறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகத்தில் 2024 பிப்ரவரியில் நாங்கள் சேற்று மாதிரிகள் எடுத்தோம். குழுவில் நான்கு பேர்: திட்டத்தை நடத்திய பேராசிரியர், களப்பணியைக் கவனித்த நான், ஆய்வகப் பொறுப்பாளர், முதுகலை மாணவி ஒருவர். படகு ஓட்டியவர் அந்தக் கரையைச் சேர்ந்த மீனவர், ஐம்பது வயதைத் தாண்டியவர். யார் பெயரையும் இங்கே சொல்லவில்லை. குப்பத்தின் பெயரையும் விட்டுவிட்டேன்.

இரண்டு வகை ஆட்களுக்குப் பயன்படும் ஒரே தரவுத் தொகுப்பை உருவாக்குவதுதான் வேலை. சுற்றுச்சூழல் ஆய்வாளர்களுக்குச் சேற்றில் உள்ள உலோகங்களின் அளவு வேண்டும். கட்டுமானப் பொறியாளர்களுக்கு அதே சேற்றின் மணல், வண்டல், களி விகிதமும் ஒப்படர்த்தியும் (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்ற எண்) எரித்தால் எவ்வளவு எடை குறைகிறது என்ற கணக்கும் வேண்டும். தூர்வாரிய சேற்றை எங்கே கொட்டலாம், எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்ய அவர்களுக்கு இந்த எண்கள் தேவை. ஒரே இடத்தில் ஒரே நாளில் எடுத்த மாதிரியில் இவை அத்தனையும் இருந்தால் இரண்டு தரப்பும் ஒரே அட்டவணையைப் பார்த்துப் பேசலாம் என்று நினைத்தோம்.

எண்ணூரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. 450 மெகாவாட் திறன் கொண்ட எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 2017-ல் மூடப்பட்டது. அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நிலக்கரி இறக்கக் கட்டிய துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாய் ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து சேர்கிறது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள்ளேயே வந்தது. அப்போது படிந்த கறை நாங்கள் போன பிப்ரவரியிலும் அலையாத்தி மரங்களின் அடியில் தெரிந்தது.

இந்தக் கரையில் சேறு அள்ளிப் போகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. "அள்ளிக்கினு போறாங்க தம்பி, அதுல இன்னா இருந்துச்சுன்னு வந்து சொன்னவன்தான் கொஞ்சம்" என்று படகுக்காரர் முதல் நாளே சொன்னார். நாங்கள் வந்து சொல்வோம் என்று வாக்குக் கொடுத்தோம்.

தயாரிப்பு: உடைந்த கிராப்

சேறு அள்ள நாங்கள் வைத்திருந்தது இரண்டு தாடை கொண்ட கிராப். திறந்த வாயோடு கயிற்றில் இறக்கினால் அடியைத் தொட்டதும் கொக்கி விடுபடும். கயிற்றை இழுக்கும்போது வாய் மூடிக்கொண்டு சேற்றோடு மேலே வரும். முழுக்க ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். களத்துக்குப் போகப் பத்து நாள் இருக்கும்போது, வேறோர் இடத்தில் சோதித்துப் பார்க்கையில் ஒரு தாடை கல்லில் மாட்டி நெளிந்துவிட்டது.

புதிது வாங்கப் பணமும் இல்லை, நாளும் இல்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் கொடுத்து, நெளிந்த தகட்டை வெட்டிவிட்டு வேறு தகடு பற்றவைக்கச் சொன்னோம். "துருப்பிடிக்காத தகடா போடுங்க" என்று சொன்னது நான்தான். என் மனதில் இருந்தது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பட்டறையில் அந்தச் சொல்லுக்கு ஜி.ஐ. ஷீட்டும் பொருள். துத்தநாகம் பூசிய இரும்புத் தகட்டில்தான் பக்கெட் செய்கிறார்கள், கூரை போடுகிறார்கள். அதுவும் துருப்பிடிக்காததுதான். நான் கேட்டதை அவர் சரியாகவே செய்து கொடுத்தார். வாங்கும்போது வாய் ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்தேன். என்ன தகடு என்று கேட்கவில்லை.

களத்தில் மூன்று நாள்

24 இடங்கள். முகத்துவாரத்தில் 1 என்று தொடங்கி, உள்ளே ஆற்றின் மேற்பகுதியில் 24-ல் முடியும். ஒரு நாளைக்கு எட்டு இடம். டீசல் மிச்சமாகும், படகை முன்னும் பின்னும் திருப்ப வேண்டாம் என்று எண் வரிசையிலேயே போனோம். அன்று அது மிக இயல்பான முடிவாகத் தெரிந்தது. பிறகு எங்களை அதிகம் குழப்பியதும் இதுதான்.

கிராப் மேலே வந்ததும் வாய் முழுதாக மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒரு சிப்பி இடுக்கில் மாட்டியிருந்தாலும் வழியிலேயே நைசான சேறு கழுவிப் போய்விடும், மணல் மட்டும் மிஞ்சும். எண்ணூரில் இந்தத் தொல்லை அதிகம். கரையில் காக்கா ஆழி என்று சொல்லும் வெளிநாட்டுச் சிப்பி அடியில் கொத்துக் கொத்தாகப் பரவி, இறால் தங்கும் சேற்றையே மூடிவருகிறது. சில இடங்களில் நான்கைந்து முறை இறக்கி, மூடாமல் வந்ததையெல்லாம் கொட்டிவிட்டு மறுபடி இறக்கினோம். இந்த விஷயத்தில் கவனமாகவே இருந்தோம்.

நல்ல மாதிரி கிடைத்ததும் மேல் ஐந்து சென்டிமீட்டரை பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து இரட்டைப் பையில் போட்டோம். மார்க்கர் மை தண்ணீரில் அழியும் என்பதால் பென்சிலால் எழுதிய அட்டையை இரண்டு பைகளுக்கும் நடுவே வைத்து, ஐஸ் பெட்டிக்குள் இறக்கினோம். கிராப் இறங்கிய நொடியில் இடத்தைக் குறித்தோம், தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்றும் எழுதினோம். தகட்டைத் தொட்ட சேற்றை ஒதுக்கிவிட்டு நடுவில் இருப்பதை மட்டும் எடுக்க வேண்டும் என்பது எங்கள் கையேட்டிலேயே உண்டு. ஆனால் சிப்பி அதிகமாக இருந்த இடங்களில் சேறு கொஞ்சம்தான் வந்தது. அங்கெல்லாம் ஓரத்தையும் சேர்த்து வழித்து எடுத்தோம். குறிப்பேட்டில் அதை எழுதவில்லை.

முதல் நாள் காலையில் கிராப்பைப் பார்த்ததும் படகுக்காரர், "வாய் புதுசா கீதே தம்பி, பக்கெட்டு மாதிரி மின்னுது" என்றார். நான் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மாணவி மட்டும் குறிப்பேட்டின் ஓரத்தில் அப்படியே எழுதி வைத்தார்: 'கிராப் வாய் புதிது, பக்கெட்டு மாதிரி மின்னுதாம்.'

அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆழம் குறைந்த இரண்டு இடங்களில், 3-லும் 6-லும், மாணவி பழகிக்கொள்வதற்காகத் தண்ணீரில் இறங்கி பி.வி.சி. குழாயைக் கையால் அழுத்திச் சேறு எடுத்தார். அது திட்டத்தில் இல்லை. தூக்கிப் போடாமல் பெயரெழுதி உறைபெட்டியில் வைத்தார்.

ஒரே இடத்தில் இரண்டு முறை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இரட்டை மாதிரிகளை முதல் நாளே எடுத்திருக்க வேண்டும். மறந்துவிட்டோம். மூன்றாம் நாள் மாலை திரும்பும் வழியில் 2, 5, 7 ஆகிய இடங்களில் எடுத்துக் கணக்கைச் சரி செய்தோம்.

ஆய்வகம் காட்டிய படம்

மாதிரிகளை 60 டிகிரியில் உலர்த்தி, 63 மைக்ரான் நைலான் சல்லடையில் சலித்து, அமிலத்தில் கரைத்து, உலோகங்களை அணு நிறையைக் கொண்டு பிரித்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் கருவியில் அளந்தோம். கடல் உப்பு கலந்த மாதிரியில் குளோரின் கருவியில் ஓடும் ஆர்கான் வாயுவோடு சேர்ந்து நிறை 75-ல் ஆர்சனிக் போலவே நிற்கும். அதைத் தவிர்க்க ஹீலியம் வழியாக அளப்பது வழக்கம், அதையும் செய்தோம். அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலில் அலுமினியம் அதிகம் என்பதால், உலோக அளவை அலுமினியத்தால் வகுத்து ஒப்பிடும் வழக்கமான முறை எண்ணூரில் உண்மையான உயர்வையும் மறைத்துவிடக்கூடும். அதனால் வகுத்த எண், வகுக்காத எண் இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

ஆய்வகத்தில் எந்தக் குறையும் இல்லை. சேறே போடாமல் அளந்த வெற்று மாதிரிகள் சுத்தமாக இருந்தன. சான்று பெற்ற ஒப்பீட்டுச் சேற்றுக்கு வர வேண்டிய அளவு வந்தது. அந்த நம்பிக்கையில்தான் அடுத்த மூன்று வாரம் தவறான பாதையில் போனோம். மாதிரி ஆய்வகக் கதவைத் தாண்டிய பிறகு நடப்பதைத்தான் இந்தச் சோதனைகள் காட்டும். படகில் நடந்ததை அவை காட்டாது.

துத்தநாக அளவுகளை வரைபடத்தில் போட்டதும் அழகான ஒரு சரிவு தெரிந்தது. முகத்துவாரத்தில் மிக அதிகம், உள்ளே போகப் போகக் குறைவு. முதல் சில இடங்களில் இருந்தது கடைசி இடங்களைப் போல மூன்று, நான்கு மடங்கு. கதை தானாக வந்தது. கடல் பக்கத்திலிருந்து வருகிறது, துறைமுகம் பக்கத்திலேயே இருக்கிறது, கப்பலின் அடிப்பாகம் அரிக்காமல் இருக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள், அவை கரைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வரியும் தனித்தனியே உண்மை. சேர்த்துப் படித்தால் விளக்கம் போலவே இருந்தது. அறிக்கையின் முதல் வரைவில் அதை எழுதியும்விட்டோம்.

இந்தக் கட்டத்தில் நான் ஒரு தவறு செய்தேன். கொடுத்த வாக்கு நினைவிலிருந்ததால் படகுக்காரருக்குப் போன் செய்து, முகத்துவாரத்தில் துத்தநாகம் அதிகமாகத் தெரிகிறது என்று சொன்னேன். இரட்டை மாதிரிகளின் முடிவு அப்போது என் மேசையில்தான் இருந்தது. அதை நான் இன்னும் பார்க்கவில்லை.

சந்தேகம் எழுந்த விதம்

இரட்டை மாதிரிகள் மூன்றும் தம் ஜோடியோடு ஒத்துப்போகவில்லை. 2-ஆம் இடத்தில் முதல் நாள் எடுத்ததில் துத்தநாகம் மிக அதிகம், மூன்றாம் நாள் எடுத்ததில் சாதாரணம். 5-லும் 7-லும் அதேதான். சேறு ஒரே சீராக இருக்காது, ஓரடி தள்ளினாலே மாறும் என்று முதலில் சமாதானம் சொல்லிக்கொண்டோம். ஆனால் செம்பு, குரோமியம், நிக்கல் எல்லாம் ஜோடிக்கு ஜோடி ஒத்துப்போயின. சேறு சீராக இல்லையென்றால் துத்தநாகம் மட்டும் ஏன் தனியே முரண்டு பிடிக்க வேண்டும் என்று ஆய்வகப் பொறுப்பாளர் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

முதலில் சல்லடை மேல் சந்தேகம் வந்தது. யாராவது பித்தளைச் சல்லடையை எடுத்துவிட்டார்களா? பித்தளை என்றால் செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, எனவே செம்பும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அடுத்தது கையுறை. ரப்பர் கையுறை தயாரிப்பில் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். ஆனால் மூன்று நாளும் போட்டது ஒரே பெட்டிக் கையுறை. முதல் நாள் மட்டும் சிந்தி மூன்றாம் நாள் சிந்தாமல் இருக்காது.

அப்போதுதான் மாணவி ஒன்று செய்தார். எண்களை இடவாரியாக வைக்காமல், மூன்றாம் நாளின் இரட்டை மாதிரிகளையும் உள்ளே கோத்து, எடுத்த நேர வரிசையில் வைத்தார். முகத்துவாரத்தில் எடுத்த இரட்டை மாதிரிகள் வரிசையின் கடைசியில் போய் நின்றன, அங்கே துத்தநாகமும் குறைவாகவே இருந்தது. கடலுக்கும் ஆற்றுக்கும் நடுவே சரிவு இல்லை. முதல் நாள் காலைக்கும் மூன்றாம் நாள் மாலைக்கும் நடுவேதான் இருந்தது. 1 முதல் 24 வரை வரிசையாகப் போனதால் இடமும் நேரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்துப் பார்க்க முடியாமல் கிடந்தன. மறதியால் தள்ளிப்போன அந்த மூன்று மாதிரிகள் இல்லையென்றால் கடைசிவரை பிரித்திருக்க முடியாது.

நேரத்தோடு குறைந்துகொண்டே போகும் பொருள் எதுவென்று குறிப்பேட்டைப் புரட்டினோம். முதல் பக்க ஓரத்தில் அந்த வரி இருந்தது. பட்டறைக்குப் போன் செய்து கேட்டேன். "ஆமா சார், ஜி.ஐ. ஷீட்டுதான். துருப்பிடிக்காதுல்ல?" என்றார்.

உறுதி செய்த விதம்

இவ்வளவு பொருந்திவந்த பிறகும் அதை அப்படியே நம்ப எனக்குத் தயக்கமாக இருந்தது. கப்பல் கதையும் இப்படித்தான் பொருந்தியது. அதனால் இரண்டு வழிகளில் சோதித்தோம்.

உறைபெட்டியில் இருந்த பி.வி.சி. குழாய் மாதிரிகளை எடுத்து அளந்தோம். அதே நாள், அதே இடம், அநேகமாக அதே நிமிடம். உலோகம் தொடாத அந்தச் சேற்றில் துத்தநாகம் மூன்றாம் நாள் அளவிலேயே இருந்தது. பக்கத்திலேயே கிராப்பில் எடுத்ததில் மட்டும் பல மடங்கு.

பிறகு பட்டறையில் மிஞ்சியிருந்த அதே தகட்டில் ஒரு துண்டு வாங்கி, அதே மாதிரி பற்றவைத்தோம். அமிலத்தில் கழுவிய சுத்த மணலைக் கழிமுகத்து உப்புத் தண்ணீரில் நனைத்து, அந்தத் துண்டால் பலமுறை அள்ளி அள்ளிப் போட்டோம். மணலில் துத்தநாகம் ஏறியது, ஈயமும் கொஞ்சம் ஏறியது, செம்பு ஏறவில்லை. தகட்டுக்குப் பூசும் உருக்கிய துத்தநாகத்தில் ஈயம் சிறிதளவு இருப்பது வழக்கம் என்பதால் அதுவும் பொருந்தியது. பற்றவைக்கும் சூட்டில் பூச்சு வெந்து நைசான வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி 63 மைக்ரான் சல்லடையில் தடையில்லாமல் இறங்கும். முதல் நாள் எடுத்த புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பற்றவைத்த ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தது. இறக்கி ஏற்ற இறக்கி ஏற்ற, சிப்பியில் உரசி உரசி அது தேய்ந்து போயிருக்கிறது. அந்தப் பொடிதான் எங்கள் பைகளுக்குள் இருந்தது.

தரவை என்ன செய்வது: எடுத்த முடிவுகள்

குழுவுக்குள் வாதம் நடந்தது. பிப்ரவரி உலோகத் தரவு முழுவதையும் நீக்கிவிடலாம் என்றார் ஒருவர். சோதனையில் கண்ட அளவைக் கழித்துத் திருத்தலாம் என்றார் இன்னொருவர். நிதி தந்தவர்கள் வெற்றுக் கட்டம் இல்லாத அட்டவணையை எதிர்பார்த்தார்கள் என்பதால் இரண்டாவது யோசனைக்கு ஆதரவு அதிகமாக இருந்தது.

கழிக்க வேண்டாம் என்று கடைசியில் முடிவெடுத்தோம். எந்தப் பையில் எத்தனை துகள் விழுந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. ஓரத்தை வழித்த மாதிரியில் அதிகமாக விழுந்திருக்கும், நடுவில் எடுத்ததில் குறைவாக. எது எப்படி எடுத்தது என்றுதான் நாங்கள் எழுதவில்லையே. ஒரு சராசரியைக் கழித்தால் கிடைப்பது பார்க்க ஒழுங்காக இருக்கும் கற்பனை எண். இந்த அட்டவணையை நாளை வேறொருவர் தன் கணக்குக்குள் போடுவார். அது திருத்திய எண் என்பது இரண்டு கை மாறினால் மறைந்துவிடும்.

முழுவதையும் நீக்குவதும் சரியில்லை என்று பட்டது. மணல், களி விகிதத்தையோ ஒப்படர்த்தியையோ அந்தத் தகடு மாற்றவில்லை. செம்பும் குரோமியமும் மாறவில்லை. அதனால் இப்படிச் செய்தோம்: முதல் இரண்டு நாளின் 16 வரிசைகளில் துத்தநாகக் கட்டத்தை வெறுமையாக்கினோம். அவற்றில் 3, 6 இரண்டுக்கு மட்டும் பி.வி.சி. குழாய் மாதிரியின் எண்ணை, முறை வேறு என்ற குறிப்போடு போட்டோம். ஆக 14 கட்டங்கள் வெற்று. மூன்றாம் நாளின் எட்டு வரிசைகளிலும் இரட்டை மாதிரிகளிலும் எண் சரியாகத் தெரிந்தாலும், தேய்மானம் சரியாக எந்த நிமிடத்தில் நின்றது என்று கோடு போட முடியாததால் 'சந்தேகம்' என்று குறித்தோம். ஈயமும் காட்மியமும் எல்லா வரிசையிலும் 'சந்தேகம்'. அளந்த பழைய எண்கள் அத்தனையும், ஏன் ஒதுக்கப்பட்டன என்ற விளக்கத்தோடு, தனிக் கோப்பில் அப்படியே இருக்கின்றன. நிதி தந்தவர்களுக்கு மணல் சோதனையின் முடிவையும் நேர வரிசைப் படத்தையும் அனுப்பினோம். இரண்டு வாரம் கழித்து ஒப்புக்கொண்டார்கள்.

குப்பத்தில்

இதற்குள் என் போன் பேச்சு பரவிவிட்டிருந்தது. ஏற்கெனவே எண்ணூர் இறால் என்றால் வாங்குகிறவர்கள் யோசிக்கிறார்கள். துத்தநாகம் என்ற புதுப் பேரும் அதோடு சேர்ந்துகொண்டது. இதைப் போனில் சரி செய்ய முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேருமே போனோம். வலை பின்னும் கொட்டகையில் இருபது பேர் போல இருந்தார்கள். தகட்டுத் துண்டைக் கையில் கொடுத்து, என்ன நடந்தது, யார் சொன்ன சொல்லால் நடந்தது என்று நான் சொன்னேன்.

கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்களுக்கு வந்தது வேறொரு பயம். முன்வரிசையில் இருந்த பெரியவர், "அப்ப ஆத்துல ஒண்ணும் இல்லைன்னு எழுதிடுவாங்களா?" என்றார். கையால் தடவி இறால் பிடிக்கும் அக்கா ஒருவர் எழுந்து, "பக்கெட்டுத் தகடு உன்னுது கண்ணு, சரி. என் கால்ல ஒட்டுற சாம்பல் எந்தப் பக்கெட்டுலருந்து வந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கள் திருத்தக் குறிப்பையே மாற்றியது. நாங்கள் எழுதி வைத்திருந்த வரைவு எது தவறு என்று மட்டுமே பேசியது. அதை மட்டும் தனியாக எடுத்துக் காட்டினால் கழிமுகத்துக்கே நற்சான்றிதழ் கொடுத்தது போலாகிவிடும். திரும்பி வந்து, எது தவறோ அதற்குக் கொடுத்த அளவு இடத்தை எது இன்னும் நிற்கிறதோ அதற்கும் கொடுத்து மறுபடி எழுதினோம்.

சாம்பல் நிற்கிறது. ஜி.ஐ. தகடு அதைச் செய்யவே முடியாது. நுண்ணோக்கியில் சாம்பல் துகள்கள் கண்ணாடி மணிகள் போல உருண்டையாகத் தெரியும், ஆற்று மணலும் களியும் அப்படி இருப்பதில்லை. அனல்மின் நிலையப் பக்கத்து மாதிரிகளில் அந்த உருண்டைகளைப் படமெடுத்து வைத்திருந்தோம். ஒப்படர்த்தியும் அதையே சொன்னது. குவார்ட்ஸ் மணலுக்கு 2.65, சாம்பல் அதைவிட இலேசு, உள்ளே வெற்றிடமுள்ள துகள்கள் தண்ணீரில் மிதக்கவே செய்யும். அந்த இடங்களின் மதிப்பு மணலுக்கும் சாம்பலுக்கும் நடுவில் நின்றது. அங்கே எரித்தபின் குறையும் எடையை முழுக்க மக்கிய பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, எரியாத நிலக்கரித் துகளும் அதில் இருக்கலாம் என்ற எச்சரிக்கையையும் பொறியாளர்களுக்காகச் சேர்த்தோம்.

ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் அச்சடித்துக் கொட்டகையில் கொடுத்துவிட்டு வந்தோம். தரவுத் தொகுப்பிலும் அதே குறிப்புதான் முதல் பக்கம்.

ஜூன் சுற்றும் மாற்றிய பழக்கங்களும்

ஜூனில் மறுபடி போனோம். ஆழமான இடங்களுக்கு நீளமான கழியில் மாட்டிய பி.வி.சி. குழாய். போகும் வரிசையைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தோம். படகு முன்னும் பின்னும் அலைய வேண்டியிருந்ததால் மூன்று நாள் நான்கானது, டீசல் செலவும் கூடியது. அந்தச் செலவை இனி திட்டச் செலவிலேயே எழுதிவிடுகிறோம். இரட்டை மாதிரிகளில் ஒன்றை முதல் நாளிலும் மற்றதைக் கடைசி நாளிலும் வேண்டுமென்றே எடுத்தோம். முகத்துவாரத்தில் மட்டும் துத்தநாகம் தனியே உயர்ந்து நிற்கவில்லை. இந்த எண்களைக் கொண்டு பிப்ரவரியின் வெற்றுக் கட்டங்களை நிரப்பச் சொல்லி ஒரு யோசனை வந்தது. மழைக்காலம் முடிந்த கையோடு எடுத்த சேறும் கோடையில் எடுத்த சேறும் ஒன்றாகாது என்று மறுத்துவிட்டோம். 14 கட்டங்களும் வெற்றாகவே இருக்கின்றன.

கருவியில் எந்தப் பாகத்தை மாற்றினாலும், களத்துக்குப் போகுமுன் கழுவிய மணலை அதனால் அள்ளி, அந்த மணலையும் ஒரு மாதிரியாக ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். பட்டறையில் சொல்லும்போது 'துருப்பிடிக்காத' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. எஸ்.எஸ். 316 என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் வகையையே எழுதிக் கொடுத்து, தகடு வாங்கிய ரசீதையும் கேட்டு வாங்குகிறோம். சேறு நடுவிலிருந்து எடுத்ததா, ஓரமும் சேர்ந்ததா என்று குறிக்கக் களத்தாளில் ஒரு கட்டம் உண்டு. இரட்டை மாதிரிகளைப் பார்த்து முடிக்கும்வரை எந்த எண்ணையும் வெளியே சொல்வதில்லை. நானும்தான்.

களத்தாளில் கடைசியாகச் சேர்த்தது, படகில் இருப்பவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுவதற்கான அகலமான பத்தி. மூன்றாம் சுற்றுக்குக் கிளம்பிய காலையில் படகுக்காரர் குழாயை வாங்கி, முனையை விரலால் சுரண்டிப் பார்த்தார். "இதுல எதுவும் பூசலியே தம்பி?" என்றார். மாணவி நேரத்தைப் பார்த்து, 5.50 என்று போட்டு, அதை அந்தப் பத்தியின் முதல் வரியாக எழுதினார்.